புழுங்கல் அரிசியும் ஜாலான் பகாங் ஆய்வுக்கூடமும்



நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயா மருத்துவர்களைத் திணறவைத்த நோய் பெரிபெரி. கால் மரத்துப் போகும், உடம்பு வீங்கும், ஒருநாள் நெஞ்சும் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் ஆயிரக்கணக்கில் இதற்குப் பலியானார்கள். தோட்டத்து லயங்களில் இருந்த நம் முன்னோரைக் குளிர்காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் வாரிக்கொண்டு போயின. ஆனால் பெரிபெரி அவர்களை அவ்வளவாக அண்டவில்லை. கம்பத்து மலாய்க்காரர்களையும் அது பெரிதாகத் தொடவில்லை. ஒரே நாடு, ஒரே மழை, ஒரே கொசு. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இதுபோன்ற கேள்விகளுக்கு விடை தேடத்தான் 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அப்போதைய கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமை ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் அதற்கு முன்நின்றார். இன்று நாம் ஐ.எம்.ஆர். என்று சொல்லும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதுதான். நோயாளிக்கு மருந்து கொடுத்து அனுப்பும் அன்றாட வேலையிலிருந்து விலகி நின்று, நோய் எங்கிருந்து வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் பொறுமையாகத் தேட ஒரு தனி இடம் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே ஒருவருக்குத் தோன்றியது பெரிய காரியம்.

முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், பெரிபெரி கிருமியால் வருவது என்று உறுதியாக நம்பினார். நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த பிராடன் என்ற மருத்துவரோ அரிசியின் மேல் சந்தேகப்பட்டார். சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர்கள் சாப்பிட்டது வீட்டில் குத்திய அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. 1905இல் வில்லியம் பிளெட்சர், கோலாலம்பூர் மனநல விடுதியில் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மறுபகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கத்தில் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. அடுத்து ஐ.எம்.ஆரின் ஃபிரேசரும் ஸ்டேன்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையை இன்னும் கவனமாகச் செய்தார்கள். முடிவு மாறவில்லை. தங்கள் நிலையத்தின் முதல் இயக்குநர் சொன்னது தவறு என்று அந்த நிலையமே நிரூபித்தது.

நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுதாகப் போவதில்லை. பி1 வைட்டமின் என்று பின்னாளில் பெயர் பெற்ற சத்து அது. நம் பாட்டிமார்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. பச்சரிசி பொங்கலுக்கு, புழுங்கல் அரிசி வயிற்றுக்கு என்று வைத்திருந்தார்கள். கப்பலேறி வந்தபோதும் அந்தப் பழக்கத்தை விடாததால் எத்தனையோ உயிர்கள் தப்பின. பெர்னாம் ஆற்று நீர் பாயும் வயல்களை நம் தஞ்சோங் காராங்கில் தினமும் பார்க்கிறோம். ஆனால் இந்தக் கதையைப் பள்ளியில் யாரும் நமக்குச் சொன்னதில்லை.

அந்த 18 பேரைப் பற்றி எழுதாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க முடியாது. அறிக்கைகளில் அவர்கள் வெறும் எண்கள். அந்த எண்களால் பிற்பாடு எண்ணற்றவர்கள் பிழைத்தார்கள் என்பது உண்மைதான். அதற்காக அந்தச் சாவுகளைச் சிறிதாக்கிப் பேச என்னால் முடியாது.

இன்னொரு கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். காடு அழிந்த இடத்தில் லாலாங் புல் மண்டியது, செம்பனைக் கன்றுகளுக்கு இடையே எலிகள் பெருகின. செம்பனைத் தோட்டங்களில் புல் வெட்டப் போனவர்களை ஒரு விஷக்காய்ச்சல் பிடித்தது. 1920களில் பிளெட்சரும் லெஸ்லரும் ஐ.எம்.ஆரில் ஒன்றைக் கவனித்தார்கள்: நகரத்துக் கடைக்காரர்களுக்கு வரும் டைபஸ் வேறு, தோட்டத்துக்காரர்களுக்கு வருவது வேறு. கிங்ஸ்பரி என்ற மருத்துவர் லண்டனிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு நுண்ணுயிர் வகை, தோட்டத்து நோயாளிகளின் ரத்தத்தோடு மட்டும் வினைபுரிந்தது. அவர் பெயரின் முதலெழுத்தால் ‘கே’ என்று குறிக்கப்பட்ட அந்த வகையைக் கொண்டு செய்யும் பரிசோதனை இந்தியாவின் சில ஆய்வகங்களில் இன்றும் நடக்கிறது. புல்லில் ஒட்டியிருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வரும் அந்த நோய்க்கு இன்று ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். தமிழ்நாட்டில் அது இன்னும் அடங்கவில்லை, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதோடு பல்லாண்டுகளாகப் போராடுகிறார்கள்.

அந்தக் காய்ச்சலுக்கு மருந்தில்லாத காலம் 1948இல் முடிந்தது. ஜோசப் ஸ்மேடல் தலைமையில் ஓர் அமெரிக்கக் குழு, குளோரோமைசிட்டின் என்ற புது மருந்தோடு கோலாலம்பூருக்கு வந்தது. ஐ.எம்.ஆரின் லூத்வெயிட்டும் எஸ்.ஆர்.சவூரும் கூட நின்றார்கள். மருந்து உள்ளே போனதும் வாரக்கணக்கில் எரிந்த காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கியது. ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள்! டைபாய்டுக்கு உலகத்துக்கே மருந்து கிடைத்தது இப்படித்தான்.

இவை தவிர, மலேரியாவைக் கண்டறிய ரத்தத்துளிக்குச் சாயமேற்றும் ஃபீல்டு முறையும் ஐ.எம்.ஆரில் பிறந்தது. ஜாலான் பகாங்கில் 1928இல் எழுந்த கட்டடத்திலிருந்து அதன் பணிகளில் ஒரு பகுதி இப்போது செத்தியா ஆலாமுக்குப் போய்விட்டது. கோவிட் காலத்திலும் பரிசோதனைச் சுமையை ஐ.எம்.ஆர். தாங்கியது நமக்கு நினைவிருக்கும்.

அந்நிலையத்தின் வரலாற்றை எழுதியவர்கள் இயக்குநர்களின் வரிசையை ஒழுங்காகத் தந்திருக்கிறார்கள். ரத்தம் கொடுத்தவர்கள், சோறு தின்று காட்டியவர்கள், வாய்க்கால் ஓரமாகக் கொசுவுக்கு எண்ணெய் தெளித்தவர்கள், இரவில் நோயாளியின் தலைமாட்டில் விழித்திருந்த தோட்டத்து டிரஸ்ஸர்கள் ஆகியோரின் பக்கம் எழுதப்படவே இல்லை. அதை வெளியார் வந்து எழுதப்போவதில்லை. எழுதவேண்டியவர்கள் நாம், எழுதவேண்டிய நேரம் இது.

அடுத்த இதழிலிருந்து இதற்காக இரண்டு பக்கங்களை ஒதுக்குகிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். தோட்டத்துக் கடையில் எந்த அரிசி போட்டார்கள்? புழுங்கல் அரிசி வீட்டைவிட்டு எப்போது போனது? தோட்டத்து ஆஸ்பத்திரி எங்கே இருந்தது, டிரஸ்ஸர் யார், லயத்துக்கு வந்து விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் போனது யார்? பழைய புகைப்படம் இருந்தால் நகல் அனுப்புங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும். கையெழுத்தும் பிழையும் எப்படி இருந்தாலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தோட்டத்தின் பெயரையும், நினைவிருந்தால் ஆண்டையும், மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்