கசாப்புச்சாலையில் காமிரா: பார்ப்பது யார்?

இங்கிலாந்து தேசத்தில் 2018-ம் வருஷம் முதல் ஒரு சட்டம் அமுலில் இருந்து வருகின்றது. அதாவது, ஒவ்வொரு கசாப்புச்சாலையிலும் உயிருள்ள பிராணி எங்கெங்கு நிற்குமோ அங்கெல்லாம் முதலாளி காமிரா வைத்தாக வேண்டும். வண்டியிலிருந்து இறக்குவது முதல் அறுப்பது வரை படம் பதிவாக வேண்டும். அதை 90 நாள் அழிக்காமல் வைத்திருந்து, சர்க்கார் மிருக வைத்தியர் கேட்டால் காட்ட வேண்டும் என்பதாகும்.

இதைக் கேட்டவுடன், "தின்னப்போகிற ஆட்டுக்குக் காவல் ஒரு கேடா?" என்று சிலர் சிரிக்கக்கூடும். சைவக் கனவான்களோ, "கொல்லுவதையே விட்டுவிட்டால் தீர்ந்தது" என்று உபதேசம் செய்வார்கள். இவ்விரண்டு பேச்சாலும் அந்த ஆட்டுக்குச் சல்லிக் காசு பிரயோஜனமுண்டா என்று கேட்கின்றோம். அந்த விவகாரம் தீருகிற வரையில் கத்தி சும்மாவா இருக்கப் போகின்றது?

மாட்டின் நெற்றியில் இரும்பு முளை பாயும் துப்பாக்கியால் அடித்தோ, ஆட்டின் தலையில் மின்சாரம் செலுத்தியோ, நினைவு தப்பிய பிறகே கழுத்தை அறுக்க வேண்டும் என்பது அங்குள்ள பொது விதி. (மதத்தின் பேரால் இதற்கும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள், அது வேறு கதை.) குறி சற்றுத் தவறினால், நினைவுள்ள மாடு காலில் சங்கிலியோடு தலைகீழாய்த் தொங்கும். மூடிய கதவுக்குள் இது நடந்தால் யாருக்குத் தெரியும்?

பிரான்சு தேசத்தில் நடந்ததைப் பாருங்கள். அலெஸ் என்னும் ஊரின் முனிசிபல் கசாப்புச்சாலையில் இரகசியமாய்ப் பிடித்த படத்தை 2015 அக்டோபரில் எல்-214 என்ற சங்கத்தார் வெளியிட்டார்கள். ஊரே பதறிற்று, மேயர் அதை மூடச் செய்தார். மறு வருஷம் பார்லிமெண்டு கமிட்டி விசாரித்துக் காமிரா வேண்டுமென்றது. 2017 ஜனவரியில் கீழ்ச்சபையும் கட்டாயமாக்க ஒப்பிற்று. முடிவில் 2018-ல் வந்த சட்டமோ, இஷ்டப்பட்ட முதலாளி சோதனைக்காக வைத்துக் கொள்ளலாம் என்றது! திருட்டு நடக்கிற வீட்டில், திருடனுக்குச் சம்மதமானால் விளக்கேற்றலாம் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஸ்பெயின் சர்க்காருக்கு இந்தத் தாட்சண்யம் இல்லை. 2022-ல் கட்டாயமென்றே உத்தரவிட்டார்கள்.

நிற்க, இங்கிலாந்துச் சட்டத்தையும் நாம் தலையில் வைத்துக் கூத்தாடவில்லை. காமிரா ஒரு கண்ணாடிச் சில்லு. அது யாரையும் தடுக்காது. படம் முதலாளியின் பெட்டியிலேயே இருக்கின்றது. அவர் தயவில்லாமல் அதைத் திறந்து பார்க்கும் அதிகாரம் வெளியாள் ஒருவருக்கு உண்டு என்பதுதான் அச்சட்டத்தின் யோக்கியதையெல்லாம். அவரும் பார்க்காமல் 90 நாளைக் கழித்துவிட்டால், சுவரில் ஆணியடித்த கூலிதான் மிச்சம்.

இது தொழிலாளியை வேவு பார்ப்பதாகும் என்றும் ஒரு ஆட்சேபணை கிளப்பப்படுகின்றது. இதில் நியாயமில்லாமலில்லை. படத்தில் அகப்படுகிறவன் இரத்தச் சேற்றில் நின்று கூலிக்கு அறுக்கும் ஏழை. மணிக்கு இத்தனை உருப்படி தீர வேண்டுமென்று உத்தரவு போட்டவரும், பழுதான துப்பாக்கியை மாற்றாமல் காசு மிச்சம் பிடித்தவரும் எந்தக் காமிராவிலும் விழுவதில்லை. ஆகவே, குறி தவறிய படம் ஒன்று அகப்பட்டால், அன்றைய வேக உத்தரவையும், துப்பாக்கி பழுது பார்த்த கணக்கையும் அதோடு சேர்த்து வைத்தியர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காகிதங்களுக்கும் 90 நாள் ஆயுள் இருக்கட்டும்.