மலைக் குளிர் ரோஜாவுக்குப் போதுமா?

"நெல்லிவாசல்நாடு மலைமேல இருக்கு, குளுகுளுன்னு இருக்கும். பசுமைக்குடில் போட்டு, மண்ணே இல்லாம ரோஜா வளர்த்தா இன்னொரு ஓசூர் ஆயிடும்" என்று யாராவது சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கடன் வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

1000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவாரத்துத் திருப்பத்தூர் கிட்டத்தட்ட 390 மீட்டர். ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகம் சுமார் 725 மீட்டர். ஆக லாபம் 2 டிகிரி சொச்சம். ஓசூர் அளவுக்கு, 900 மீட்டர் வரை ஏறினாலும் 3 டிகிரியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே மதிய வெயில் அந்த லாபத்தை அப்படியே விழுங்கிவிடும்! 1800 மீட்டருக்கு மேல் கார்னேஷன் வளர்க்கும் குன்னூர் கதை வேறு.

ரோஜாவுக்குப் பகலில் 25 டிகிரியை ஒட்டியும், இரவில் 15 முதல் 18 வரையும் இருந்தால் சுகம். சூடு கூடினால் பூ சீக்கிரம் வரும். ஆனால் காம்பு குட்டையாகும், மொட்டு சிறுக்கும், சிவப்பு வெளிறும். கொய்மலர் சந்தையிலோ காம்பின் நீளத்துக்குத்தான் விலை. குளிர் கூடினாலும் தொல்லைதான். பிப்ரவரி 14-க்காக டிசம்பரில் கவாத்து செய்த செடி, இரவுக் குளிரில் மெதுவாக வளர்ந்து 15-ஆம் தேதி பூத்தால் யார் வாங்குவார்கள்?

மண்ணில்லா வளர்ப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் வேருக்கோ ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். மூச்சுத் திணறும் வேரில் பித்தியம் அழுகல் சுலபமாக நுழையும். நிலத்து மண் மெதுவாகத்தான் சூடாகும். குழாயும் தென்னை நார்ப் பையும் சில மணி நேரத்தில் கொதித்துவிடும். மண்ணை விட்டால் அதன் நிழலையும் விட்டோம் என்றுதான் அர்த்தம்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் ஒரு சிறிய கொட்டகை போட்டு, ஒரு வருடம் பகல் உச்சம், இரவுத் தாழ்வு, தொட்டித் தண்ணீரின் சூடு மூன்றையும் குறித்து வையுங்கள். தொட்டியை நிலத்தில் புதைத்து, நிழல்வலை கட்டி, கூரையில் காற்று போக வழி விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண்கள் ஒத்துவந்தால் தாராளமாகப் பெரிதாகக் கட்டலாம்.

மானியம் செலவில் ஒரு பங்கைத்தான் தாங்கும். மிச்சம் விவசாயியின் தலையில். ஏப்ரல் வெயிலில் ரோஜாக் காம்பு குட்டையாகலாம், வங்கித் தவணை குட்டையாகாது :-)