பாசிக்குடாவிலே நீந்தப் பழகலாம்

மட்டக்களப்புக்கு விருந்தாகச் செல்வோர் கல்லடிப் பாலத்தில் நின்று, நிலாக் காலத்தில் மீன் பாடுமென்று வாவிக்குக் காது கொடுப்பர். மறுநாள் பாசிக்குடாவிலே முழங்காலளவு நீரில் நின்றுவிட்டு வீடு திரும்புவர். அந்த முழங்காலளவைப் பற்றியே நாம் இவ்வாரம் சொல்ல விரும்புகின்றோம்.

நகருக்கு வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது இப்பிறைவடிவக் குடா. பவளப்பாறைகள் பேரலையைத் தடுத்துவிடுவதால் நெடுந்தூரம் நடந்தாலும் ஆழம் குறைவே. 2010க்குப் பின் கரையிற் பெரும்பகுதி விடுதிகளின் முன்றிலாகிவிட்டது. எனினும் பொதுமக்கள் இறங்கும் பகுதி உண்டு. பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க இதனினும் நல்ல இடத்தை நாம் அறியோம்.

கடல் சூழ்ந்த நாட்டிலே பிறந்தும் நம்மவர் பலருக்கு, அதிலும் பெண்மக்களுக்கு, நீந்தத் தெரியாது. 2004 டிசெம்பர் 26இல் இக்கரையை ஆழிப்பேரலை தாக்கியபோது மாண்டோரிற் பெண்கள் மிகுதி. நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைகளே பழகியிருந்தமை காரணங்களுள் ஒன்றெனப் பின்னர் ஆராய்ந்தோர் கூறினர். எனவே, "தங்கச்சி கரையில் இருக்கட்டும்" என்னும் அண்ணன்மாரே, அவளையும் அழைத்துச் செல்லுங்கள்!

சேலையும் பாவாடையும் நீரிற் காலைச் சுற்றிக்கொள்ளும். காற்சட்டையும் நீளக்கைச் சட்டையும் போதும். முதல்நாள் மல்லாந்து மிதக்க மட்டும் பழக்குங்கள். கை வீசுவது மறுநாள் ஆகட்டும். கல்லடிக் கடலில் இதனைச் செய்யவேண்டாம். அங்கு அலை வலிது. வாவியோ அமைதியாய்த் தோன்றினும் அடியிற் சேறு. பாசிக்குடாவுக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரையே தகுந்த காலம். வாடைக் காற்று வீசத் தொடங்கினால் இறங்கலாகாது.