மலைவாசிகளும் அனுமதிச் சீட்டும்

வடகிழக்குக் கோடியிலுள்ள அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிஜோரம், மணிப்பூர் ஆகிய மாகாணங்களுக்குள் வெளியார் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையக் கூடாது என்கின்ற ஏற்பாடு இருந்து வருவது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கலாம். இதைப் பற்றிச் சில தேசீயப் பிரசாரகர்கள், "ஒரே தேசத்துப் பிரஜை தன் தேசத்துக்குள் போவதற்கே சீட்டு வாங்குவதா?" என்று கூப்பாடு போடுகிறார்கள். இவர்களுக்கு நாம் பதில் சொல்லத் தேவையில்லை. ஏனெனில், 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது, ஒரே தேசம் பேசுகின்ற சர்க்காரே இந்தச் சீட்டுப் பிரதேசங்களுக்கு விலக்குக் கொடுத்து, அதே மாதத்தில் மணிப்பூரையும் கோட்டுக்குள் சேர்த்தது.

ஆனால் நம் தோழர்களிலேயே சிலர், "1924-ல் வைக்கத்துத் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றாரே, இங்கே மாத்திரம் தடுப்பை ஆதரிக்கலாமா?" என்று கேட்கின்றார்கள். இது யோக்கியமான கேள்வி.

வைக்கத்தில் தடுத்தவன் யார்? கோயிலும், நிலமும், சாஸ்திரமும், போலீசும் தன் பக்கம் வைத்திருந்தவன். தடுக்கப்பட்டவனோ ஒன்றுமில்லாதவன். மலையிலோ தடுக்கப்படுகின்றவன் பணப்பையும், வக்கீலும், லேவாதேவிக் கணக்குப் புஸ்தகமும் கொண்டு வருகின்றவன். தெருவில் நடக்காதே என்பதும், என் காட்டை எழுதி வாங்காதே என்பதும் ஒன்றாகுமா?

இந்தக் கோட்டை வெள்ளைக்காரன் 1873-ல் கிழித்தது கருணையினால் அல்ல. தேயிலைத் தோட்டக்காரர்களும், ரப்பர், மெழுகு, தந்தம் வாங்கும் வியாபாரிகளும் மலைக்குள் புகுந்து சச்சரவு விளைவிக்க, அதனால் சர்க்காருக்குத் தொல்லையும் செலவும் ஏற்பட்டன. அவற்றைக் குறைக்கவே சட்டம் செய்தான். ஆனாலும் அதே சட்டத்தில், கோட்டுக்கு அப்பால் வெளியார் சர்க்கார் அனுமதியின்றி நிலப் பாத்தியதை பெறக்கூடாது என்று ஒரு விதி வைத்தான். மலைவாசிக்கு உபயோகப்பட்டது அந்த விதிதான்.

கோடு இல்லாத திரிபுராவைப் பாருங்கள். 1901-ல் ஜனத்தொகையில் பாதிக்கு மேலிருந்த மலைமக்கள் 2011 கணக்கில் நூற்றுக்குச் சுமார் 32 பேராகிவிட்டார்கள். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் உயிருக்குப் பயந்து ஓடி வந்த அகதிகள். அவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. ஆனால் மண் கைமாறியது கைமாறியதுதான்.

அந்தமான் கதை இதைவிடக் கொடுமையானது. 1858-ல் வெள்ளைக்காரன் கைதிகளுக்குக் குடியேற்றம் அமைத்தபோது சில ஆயிரம் பேராயிருந்த பெரிய அந்தமானியர், மேகநோயினாலும் 1877-ல் பரவிய மணல்வாரியினாலும் அழிந்து, இன்று சுமார் ஐம்பது பேராய் நிற்கிறார்கள். 1956-ல் ஏற்பட்ட பாதுகாப்புச் சட்டத்தை மீறி, 2018 நவம்பரில் ஒரு அமெரிக்க வாலிபர் மதம் போதிக்க வடக்கு சென்டினல் தீவில் இறங்கி உயிரிழந்தார். அவருக்காக வருந்துகிறோம். ஆனால் ஆத்துமாவை இரட்சிக்கப் போகின்றவர்கள் கூடவே கொண்டுபோகக் கூடிய நோய்க்கு எந்த வேதத்தில் மருந்து இருக்கிறது?

நிற்க. கோட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் உத்தமம் என்று நாம் சொல்ல வரவில்லை. 1963-ல் ஏற்பட்ட நாகாலாந்தின் சட்டசபைக்கு முதன்முதலாகப் பெண்கள் தெரிந்தெடுக்கப்பட்டது 2023-ல்தான். நகர சபைகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்தானம் என்றதற்கு 2017-ல் "எங்கள் பழக்க வழக்கத்துக்கு விரோதம்" என்று கலகம் செய்து, கோஹிமாவில் சர்க்கார் கட்டடங்களைக் கொளுத்தினார்கள். அத்தேர்தல் 2024 ஜூனில்தான் நடந்தது. பழக்க வழக்கம் என்று சொல்லிப் பெண்ணை அடக்குவது மயிலாப்பூரில் பித்தலாட்டமானால் மலையிலும் பித்தலாட்டமே. ஆனால் அதை எதிர்த்துப் போராட அந்தப் பெண்களுக்குத் தெரியும். வட்டிக்கடைக்காரன் போய்ச் சீர்திருத்த வேண்டியதில்லை.

சீட்டு முறையில் நமக்குள்ள குறையெல்லாம் வேறு. சீட்டுக் கொடுப்பது சர்க்கார், கிராமத்தான் அல்ல. கூலிக்குப் போகின்ற ஏழை சீட்டில்லாமல் அகப்பட்டால் உடனே வெளியேற்றப்படுகிறான். ஆனால் அருணாசலத்தில் இது மிஷ்மி மக்களின் திபாங் பள்ளத்தாக்கில் 2,880 மெகாவாட் அணைக்கு 2024 மார்ச்சில் அஸ்திவாரக்கல் நாட்டினார்கள். சியாங் நதியில் மற்றொரு பெரிய அணைக்கு முயற்சி செய்கிறார்கள். ஆதி மக்கள் வேண்டாமென்று எதிர்த்து நிற்கிறார்கள். ஒரு ஆள் நுழையச் சீட்டு வேண்டுமென்றால், ஒரு பள்ளத்தாக்கையே முழுக்கடிக்க வருகின்றவன் எந்தக் கிராமத்தாரிடம் சீட்டு வாங்கினான் என்பதைச் சர்க்கார் சொல்லட்டும்.