பிள்ளைக்கும் ஒரு 182 நாள் கணக்கு வேண்டும்

இந்த முறை சினிமா, கிரிக்கெட் எதுவும் இல்லை. கொஞ்சம் சீரியஸ் மேட்டர். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

நான் படிப்பது பி.காம். வருமான வரிப் பேப்பரில் ஆரம்பப் பாடமே 'யார் ரெசிடெண்ட்?' என்பதுதான். ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் ரெசிடெண்ட். கிளை விதிகள் எத்தனையோ உண்டு, ஆனால் அடிப்படை ஒரு எண். 1961 சட்டத்தில் இருந்த அந்த 182, அதற்குப் பதிலாக வந்த 2025 சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. அடுத்த பேப்பர் ஜி.எஸ்.டி. திண்டிவனத்திலிருந்து ஒரு லாரி சரக்கு பெங்களூருக்குப் போனால் எந்த மாநிலத்துக் கணக்கு? 2017 ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்லிவிடுகிறது: சரக்கு எங்கே போய்ச் சேருகிறதோ அந்த இடத்துக் கணக்கு. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் பொதுவாக இ-வே பில் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது.

இப்போது அதே ரோட்டில் லாரிக்குப் பதிலாக ஒரு யு.கே.ஜி. குழந்தை வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெங்களூரில் சண்டை. ஒருவர் குழந்தையைத் தூக்கிக் கொண்டு கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி வழியாக எங்கள் மண்டகப்பட்டுக்கு வந்து விடுகிறார். வந்தவர் அம்மாவாக இருக்கலாம், அப்பாவாகவும் இருக்கலாம். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கை எந்த ஊர் கோர்ட் விசாரிக்கும்? விழுப்புரமா, பெங்களூரா?

இதற்குத்தான் நம் சட்டத்தில் எண் கிடையாது. என் கோபமே அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எல்லா மதத்துக்கும் பொதுவான கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட், வெள்ளைக்காரன் 1890-ல் போட்டது. அதன் 9-ஆம் பிரிவுப்படி, குழந்தை 'வழக்கமாக வசிக்கும்' இடத்தின் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். வழக்கமாக என்றால் எத்தனை நாள்? பத்து நாளா, ஒரு கல்வியாண்டா? சட்டத்தில் விளக்கமே இல்லை. டெல்லியில் அம்மா, கலிபோர்னியாவில் அப்பா என்று இருந்த ஒரு வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? வழக்கமான வசிப்பிடம் என்பது சம்பவங்களையும் நோக்கத்தையும் வைத்து வழக்குக்கு வழக்கு முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றது. நீதிபதிகளைக் குறை சொல்ல முடியாது, கையில் இருக்கும் சட்டம் அவ்வளவுதான். ஆனால் விளைவு? 'எந்த ஊர்' என்பதற்கே தனியாக ஒரு வழக்கு நடக்கிறது. 'யாரிடம் குழந்தை' என்ற வழக்கு வாசலில் காத்துக் கிடக்கிறது.

இன்னொரு கூத்தும் உண்டு. 2003-ல் இந்து திருமணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைத் திருத்தி, மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம் என்றார்கள். நல்ல திருத்தம், வரவேற்கிறேன். அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவில், அந்த வழக்கு நடக்கும் கோர்ட்டே குழந்தையைப் பற்றியும் உத்தரவு போடலாம். ஆக விழுப்புரத்தில் அம்மா விவாகரத்து வழக்கு போட்டுக் குழந்தையையும் கேட்கலாம். பெங்களூரில் அப்பா 1890 சட்டப்படி தனியாக ஒரு மனு போடலாம். ஒரே குழந்தை, இரண்டு கோர்ட், இரண்டு வாய்தா. இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வர வேண்டுமானால் எங்கே போக வேண்டும் தெரியுமா? டெல்லிக்கு!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தகராறு என்றால் பிரச்சினை இல்லை. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம் என்றாலும் இரண்டும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் வருபவை. சிவில் நடைமுறைச் சட்டம் 24-ஆம் பிரிவில் சென்னையே மாற்றிக் கொடுத்துவிடும். பெங்களூர் என்றால் வேறு உயர் நீதிமன்றம். அப்போது 25-ஆம் பிரிவு, உச்ச நீதிமன்றம். ஓர் உயர் நீதிமன்றம் தன் கீழ் உள்ள வழக்கை இன்னொரு உயர் நீதிமன்றத்தின் எல்லைக்கு மாற்ற முடியாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பும் சொல்லி விட்டது. சில நூறு கிலோமீட்டர் தகராறுக்கு 2000 கிலோமீட்டருக்கு அப்பால் மனு. டெல்லி வக்கீல் ஃபீஸைக் கல் குவாரியில் வேலை செய்யும் குடும்பம் எங்கிருந்து கொண்டு வரும்?

2022 நவம்பரில் தலைமை நீதிபதியாக இருந்த டி.ஒய். சந்திரசூட், திருமண வழக்குகளை மாற்றக் கோரும் மனுக்கள் மட்டும் சுமார் 3000 நிலுவையில் இருப்பதாகச் சொல்லி, ஒவ்வொரு அமர்வும் தினமும் 10 மாற்று மனுக்களை விசாரிக்கும் என்று அறிவித்தார். அதற்கு முன்பே, 2019-ல் விதியைத் திருத்தி இந்த மனுக்களை ஒரே நீதிபதி விசாரிக்கலாம் என்று ஆக்கினார்கள். கூட்டம் அதிகமானால் கவுண்டரைக் கூட்டுகிறோம். கூட்டம் ஏன் வருகிறது என்று மட்டும் கேட்பதில்லை.

இதற்குள் காலம் ஓடிவிடுகிறது. குழந்தை விஷயத்தில் காலம்தான் உண்மையான நீதிபதி. புது ஸ்கூல், புது நண்பர்கள், புது மொழி எல்லாம் பழகி விடும். பிறகு எந்த நீதிபதியாக இருந்தாலும் 'பழகிய இடத்திலிருந்து பிடுங்க வேண்டாமே' என்றுதான் யோசிப்பார். 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கைப் பாருங்கள். இரண்டு வயது நிறையும் முன்பே தாயைப் பிரிந்த பெண் குழந்தைக்கு, தீர்ப்பு வரும்போது ஏறக்குறைய எட்டு வயது. அப்பாவிடமே இருக்கிறேன் என்றாள். அம்மாவோடு வாழ்ந்த அனுபவமே இல்லாத குழந்தை வேறு என்ன சொல்லும் என்று யோசித்து, ஒரு வருடம் அம்மாவிடம் விட்டுப் பார்க்கச் சொன்னது நீதிமன்றம். அந்த நீதிபதிகள் அப்படி யோசித்தார்கள். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா?

ஆக இன்றைய நடைமுறையை ஒரே வரியில் சொல்லலாம்: யார் முதலில் பஸ் ஏறுகிறாரோ, அவருக்குத்தான் சாதகம். பெற்றவர் தூக்கிப் போனால் பொதுவாகக் கடத்தல் வழக்கும் நிற்காது. தந்தையும் இயற்கைக் காப்பாளர்தான் என்று 2023-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அப்படி ஒரு வழக்கை ரத்து செய்தது. வேடிக்கை என்னவென்றால், அதே 1890 சட்டத்தின் 26-ஆம் பிரிவு, நீதிமன்றம் நியமித்த காப்பாளர் அனுமதி இல்லாமல் குழந்தையை எல்லைக்கு வெளியே கொண்டு போகக் கூடாது என்கிறது. அதாவது கோர்ட்டுக்கு வந்தவருக்குக் கட்டு உண்டு. வருவதற்கு முன்பே கிளம்பி விட்டவருக்கு எதுவும் இல்லை!

அமெரிக்காவிலும் இதே ஓட்டப் பந்தயம் நடந்தது. ஒரு மாநிலத்தில் தோற்றவர் குழந்தையோடு அடுத்த மாநிலத்துக்குப் போய்ப் புது உத்தரவு வாங்குவார். 1968-ல் மாநிலங்களுக்கு ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள். 1980-ல் மத்திய சட்டம் வந்தது. 1997-ல் மாதிரிச் சட்டத்தைத் திருத்தி எழுத, பெரும்பாலும் எல்லா மாநிலங்களும் ஏற்றுக் கொண்டன. அதன் உயிர் ஒரு எண்ணில் இருக்கிறது: வழக்குக்கு முந்தைய ஆறு மாதம் குழந்தை எங்கே வாழ்ந்ததோ அதுவே 'சொந்த மாநிலம்'. ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தை என்றால் பிறந்ததிலிருந்து எங்கே இருக்கிறதோ அந்த மாநிலம். ஒருவர் குழந்தையோடு கிளம்பி விட்டாலும், இன்னொருவர் அங்கேயே இருக்கும் பட்சத்தில், ஆறு மாதத்துக்குள் வழக்கு போட்டால் பழைய மாநிலத்துக்குத்தான் முதல் உரிமை. பஸ் ஏறியதால் ஒரு லாபமும் இல்லை என்றால் யார் ஏறப் போகிறார்கள்?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். அடி உதைக்குப் பயந்து தாய் வீட்டுக்கு ஓடி வந்த பெண்ணை மறுபடியும் பெங்களூருக்கு அனுப்பச் சொல்கிறாயா? சொல்லவே இல்லை. அமெரிக்கச் சட்டத்திலேயே, வன்முறைக்கு அஞ்சி வந்தவருக்கு வந்து சேர்ந்த மாநிலம் தற்காலிகப் பாதுகாப்பு உத்தரவு தரலாம் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். நம்மிடமும் 2005 குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அதன் 27-ஆம் பிரிவுப்படி அந்தப் பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், 21-ஆம் பிரிவுப்படி குழந்தையைத் தற்காலிகமாகக் கேட்கலாம். அந்த வாசலை அகலமாகத் திறந்தே வைப்போம். ஆறு மாதக் கணக்கிலிருந்து அந்தப் பெண்ணுக்கு விலக்கு என்று எழுதியே வைப்போம். ஒரு விலக்கு தேவை என்பதற்காக விதியே வேண்டாம் என்பது என்ன நியாயம்?

'குழந்தை நலனே முதன்மை, அதற்கு எண்ணெல்லாம் சரிப்படாது' என்பார்கள் சிலர். நலனைத் தீர்மானிக்க எண் வேண்டாம், சரி. நலனை விசாரிக்கும் இடத்தைத் தீர்மானிக்கவும் வேண்டாமா? இன்னொரு உதாரணம் பாருங்கள். இந்து திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவில், வழக்கு நடக்கும்போதே குழந்தையின் பராமரிப்புச் செலவு, படிப்புச் செலவு கேட்டுப் போடும் மனுவை நோட்டீஸ் கிடைத்த 60 நாளுக்குள் முடிந்தவரை தீர்க்க வேண்டும் என்று 2001-ல் சேர்த்தார்கள். காசுக்கு 60 நாள். குழந்தையைப் பார்க்க? நாள் குறிக்கவில்லை!

பிரிந்த பெற்றோர் குழந்தையைப் பார்க்கும் உரிமை பற்றி 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு அருமையான விஷயம் சொன்னது. பெற்றோர் வேறு வேறு மாநிலத்திலோ நாட்டிலோ இருந்தால், நேரில் பார்க்கும் உரிமையோடு பேசும் உரிமையும் முக்கியம், தினமும் 5, 10 நிமிடமாவது குழந்தையோடு பேச வழி இருக்க வேண்டும் என்றது. 2015 மே மாதம் ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில், இருவரும் சேர்ந்து வளர்க்கும் ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் இடம் தரச் சொன்னது. தீர்ப்பும் இருக்கிறது, அறிக்கையும் இருக்கிறது. 1890 சட்டத்தின் 9-ஆம் பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் கேட்பது நாலே நாலு:

1. 9-ஆம் பிரிவில் 'வழக்குக்கு முந்தைய ஆறு மாதம்' என்று எழுதுங்கள். 182 நாள் என்று எழுதினாலும் சரி, எங்களுக்கு மனப்பாடம்தான்.

2. வன்முறைக்கு அஞ்சி வந்தவருக்கு விலக்கும், வந்த ஊரிலேயே உடனடிப் பாதுகாப்பும் கொடுங்கள்.

3. இரண்டு மாநிலத்திலும் வழக்கு இருந்தால், இரண்டு நீதிபதிகளும் வீடியோவில் பேசி எங்கே நடக்கட்டும் என்று முடிவு செய்யட்டும். அமெரிக்கச் சட்டத்தில் நீதிபதிகள் இப்படிப் பேசிக் கொள்ள வழி இருக்கிறது. டெல்லி கடைசி வாசலாக இருந்தால் போதும்.

4. முதல் வாய்தாவிலேயே குழந்தை இருவரோடும் பேசும் நேரம், பார்க்கும் நாள், பயணச் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி உத்தரவு போடுங்கள். பங்கு வருமானத்துக்கு ஏற்ப இருக்கட்டும்.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் எங்கள் ஊர்ப் பாறையில் எழுதி வைத்திருக்கிறான். 1400 வருடமாக நிற்கிறது. நாள் இல்லாமல், எண் இல்லாமல், கெடு இல்லாமல் ஒரு குழந்தைச் சட்டம் எடுக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு அந்தத் திறமை இல்லை.

இது அம்மாக்களுக்கு எதிரான பதிவும் இல்லை, அப்பாக்களுக்கு ஆதரவான பதிவும் இல்லை. லாரிச் சரக்குக்குப் பதில் வைத்திருக்கும் நாடு, அதில் ஏறத் தெரியாத வயதுப் பிள்ளைக்கும் ஒரு பதில் வைக்கட்டும் என்கிறேன். பட்ஜெட் ஒதுக்க வேண்டாம், கமிட்டி போட வேண்டாம். ஒரு பிரிவில் ஒரு எண். அவ்வளவுதான்.