மரத்தூளும் தலைக்கணக்கும்

ராஜஸ்தானின் ஜோத்பூரில் மாமரத்தாலும் சீஷம் மரத்தாலும் செய்யப்படும் மேசைகளும் நாற்காலிகளும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகின்றன. அவற்றின் பளபளப்புக்குப் பின்னால், உப்புத்தாளால் மரத்தைத் தேய்த்து, எழும் தூளை நாள்முழுவதும் சுவாசிக்கும் தொழிலாளி இருக்கிறார். அத்தூள் வெறும் குப்பையன்று. 1960களிலேயே இங்கிலாந்தின் ஹை வைகோம் வட்டாரத்து அறைகலன் தொழிலாளரிடையே அரிதான மூக்குப் புற்றுநோய் மிகுந்திருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். 1995இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் மரத்தூளைச் சேர்த்தது.

முதலாளிகளின் மருந்தோ ஒரு முகக்கவசமும் சுவரில் ஓர் எச்சரிக்கை வாசகமும்தான். வட்டரம்பத்தில் விரல் போனால் 'தொழிலாளியின் கவனக்குறைவு'. ரம்பத்தின் காப்பு மூடியைக் கழற்றச் சொன்னது யார், துண்டுக்கணக்குக் கூலியால் வேகத்தைத் திணித்தது யார் என்பவை விசாரணைக்கே வருவதில்லை.

தூசியை அது எழும் இடத்திற்கு இயன்றவரை அருகிலேயே உறிஞ்சி அகற்ற வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு. இயந்திரங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றது 21ஆவது பிரிவு. ஆக, செய்ய வேண்டியது என்னவென்று தெரியாமலில்லை. அதைச் செய்யக் கடமைப்பட்டோரின் எண்ணிக்கையைத்தான் ஆட்சியாளர்கள் குறைக்கிறார்கள்.

மின்விசை கொண்டு இயங்கும் இடத்தில் 10 பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலை என்றிருந்தது. 2014இல் ராஜஸ்தானின் பாஜக அரசு அதனை 20 ஆக்கியது. மின்விசையற்ற இடங்களுக்கு 20 என்பது 40 ஆனது. அந்த ஒத்திகையே நாடு முழுமைக்குமான நாடகமாயிற்று. 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில் நிறைவேற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், அதே எண்களுடன் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

10 பேர் உள்ள பட்டறையும் 'நிறுவனம்' என்ற முறையில் சட்டத்துக்குள்தானே இருக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் தொழிற்சாலைக்குரிய உரிமமும் கட்டட வரைபட ஒப்புதலும் அதற்கில்லை. 30 பேர் கொண்ட பட்டறையை அறுப்புக்கு ஒரு பெயர், மெருகுக்கு ஒரு பெயர் என்று பிரித்துக்கொள்ள வழி திறந்திருக்கிறது. ஆய்வாளரோ 'ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பவர்' ஆகிவிட்டார். யாருக்கு வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆபத்தான தொழிலெனில் ஒரே ஒரு தொழிலாளி உள்ள இடத்துக்கும் இச்சட்டத்தை விரிவாக்கும் அதிகாரத்தை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. மரப்பட்டறைகளை அவ்வாறு அறிவித்து, தூசி உறிஞ்சும் அமைப்பையும் ரம்பக் காப்பையும் முதலாளியின் செலவில் கட்டாயமாக்கக் கோரும் மனுக்களைத் தொழிற்சங்கங்கள் மாநிலந்தோறும் தொழிலாளர் துறையின் முன் வைக்க வேண்டும்.