துவரையின் வேரும் ஒன்றிய அரசின் கணக்கும்

பருப்பு விலை உயரும்போதெல்லாம் ஒன்றிய அரசு கையிலெடுக்கும் முதல் மருந்து இறக்குமதி. 2015இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. மறு ஆண்டு மொசாம்பிக்குடன் நீண்டகால இறக்குமதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால் அந்தப் பருவத்தில் மராத்வாடாவிலும் கலபுரகியிலும் விவசாயிகள் குவித்த துவரை, ஆதரவு விலைக்கும் கீழே விலைபோயிற்று. இப்போது 2025 அக்டோபரில், 11,440 கோடி ரூபாயில் பருப்புத் தற்சார்புத் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்துள்ளது. தற்சார்பு தேவையே. அது மண்ணுக்கடியில், பயறுச் செடியின் வேரில் தொடங்குகிறது என்பதை அரசு உணர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி.

பயறுச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகளின் வழியே பெறுகின்றன என்பதை 1886இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் வெளிப்படுத்தினார். முடிச்சுகளுக்குள் வாழும் பாக்டீரியாவை 1888இல் டச்சு அறிஞர் பெய்ஜெரிங்க் பிரித்தெடுத்தார். செடி சர்க்கரையை அளிக்கிறது. பாக்டீரியா நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. இயற்கையில் போராட்டம் மட்டுமல்ல, ஒத்துழைப்பும் உண்டு என்று எங்கெல்ஸ் வலியுறுத்தியதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

எனினும் எல்லாப் பாக்டீரியாவும் எல்லாச் செடிக்கும் பொருந்துவதில்லை. கொண்டைக்கடலைக்கு உரியது துவரைக்கு உதவாது. தனக்குரிய துணையை வேர் எவ்வாறு இனங்காண்கிறது? சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் லெக்டின் என்னும் புரதங்கள் இதில் பங்கேற்கின்றன என்ற கருத்து 1970களில் வலுப்பெற்றது. பட்டாணியின் லெக்டின் மரபணுவை வெள்ளைக் குளோவர் என்னும் தீவனப் பயிரின் வேரில் செலுத்தியபோது, பட்டாணிக்குரிய பாக்டீரியா அவ்வேரிலும் முடிச்சிட்டது என்பதை 1989இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். பாக்டீரியா சுரக்கும் சமிக்ஞை மூலக்கூறுகளே முதன்மையான சாவி என்பது அதற்கடுத்த ஆண்டுகளில் தெளிவாயிற்று. லெக்டின் துணைச் சாவியாயிற்று.

இந்த அறிவியலுக்குள் ஓர் அரசியல் இருக்கிறது. பயிருக்கும் மண்ணுக்கும் ஏற்ற ரைசோபியத்தைத் தேர்ந்தெடுக்க உள்ளூர் ஆய்வு வேண்டும். உயிர் உரம் என்பது உயிருள்ள பொருள். பொடி வடிவில் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. தகரக் கூரைக் கிடங்கின் வெக்கையில் அவை மடிந்துவிடும். அத்தகைய பொட்டலத்தை வெல்லக் கரைசலில் குழைத்து விதையில் பூசிய விவசாயி, பயன் காணாமல் அடுத்த பருவம் அதைக் கைவிட்டால், அது அவரது அறியாமை அல்ல. தரத்தைக் காக்கத் தவறிய நிர்வாகத்தின் குற்றம்.

சிறிய ஆய்வகத்திலேயே பெருக்கிவிடக்கூடிய இந்த நுண்ணுயிரில் பெருமுதலாளிகளுக்குக் கொள்ளை லாபம் இல்லை. ஆகவே இது பொதுத்துறையின் கடமை. ஆராய்ச்சியையும் வேளாண் விரிவாக்கப் பணியையும் சுருக்கும் நவதாராளமயக் கொள்கை அக்கடமையையே கைகழுவுகிறது.

இதைக் காட்டி உர மானியத்தை வெட்ட முனைவோரிடமும் எச்சரிக்கை தேவை. நெல்லுக்கும் கோதுமைக்கும் இந்த வேர்முடிச்சு இல்லை. அவற்றுக்கு யூரியா வேண்டும். 2021இல் இலங்கை அரசு ரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்ததன் விலையை அந்நாட்டின் சிறு விவசாயிகளே கொடுத்தனர். பயறுப் பயிரில் தழைச்சத்து உரம் மிகுந்தால் முடிச்சு உருவாவது குன்றும் என்பதும் உண்மையே. அதை வயலில் வந்து எடுத்துச் சொல்ல அரசு ஊழியர் வேண்டும். மானிய வெட்டு அந்த வேலையைச் செய்யாது.

பயறு விளையும் மாவட்டந்தோறும் பொதுத்துறை உயிர் உர ஆய்வகமும், கூட்டுறவுச் சங்கங்களில் குளிர்பதன வசதியும் அமைக்கப்பட வேண்டும். துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்புக்கு நான்கு ஆண்டுக் கொள்முதல் என்னும் வாக்குறுதி போதாது. ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும். மானாவாரி நிலத்தில் மழையை நம்பி விதைப்பவருக்கு விலையும் நிச்சயமில்லை என்றால், வேரில் எத்தனை முடிச்சு இருந்தும் அவர் அடுத்த முறை துவரை விதைக்க மாட்டார்.